இரவில் யார் விழித்திருப்பது? மறதி நோய்ப் பராமரிப்பில் வீடு, ஆள், டே கேர், இல்லம்: ஓர் ஒப்பீடு

அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று டாக்டர் சொன்ன பிறகும் சில காலம் பெரும்பாலான வீடுகள் சமாளித்துவிடுகின்றன. பிறகு ஒரு நாள் அடுப்பு அணைக்கப்படாமல் கிடக்கிறது, அல்லது விடியற்காலை மூன்று மணிக்குத் தெருக்கதவு திறந்திருக்கிறது. ஆள் போடலாமா, இல்லத்தில் சேர்க்கலாமா, வீட்டில் யாராவது வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது. பேச்சு நேராகப் பணத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வீட்டில் இரவில் விழித்திருக்கப் போவது யார்? இதற்குப் பதில் இல்லாமல் எடுக்கும் எந்த ஏற்பாடும் சில மாதங்களில் உடைந்துவிடும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு ஈடாக மையங்களோ பயிற்சி பெற்ற ஆட்களோ இல்லை. கீழே ஒப்பிடும் வழிகளில் சில உங்கள் ஊரில் கிடைக்காமலேயே போகலாம்.

## முடிவெடுக்கும் முன்

இது டிமென்ஷியாதானா, டிமென்ஷியா மட்டும்தானா என்று உறுதி செய்யுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலையில் மெல்லக் கசியும் இரத்தம் இவையெல்லாம் மறதி நோய் போலவே தோன்றும், சிகிச்சையும் உண்டு. ஏற்கெனவே மறதி நோய் இருப்பவர் இரண்டே நாளில் திடீரென்று மோசமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைதல், புதிதாகச் சேர்த்த மாத்திரை. அந்தக் குழப்பம் தொற்று தீர்ந்தால் பெருமளவு குறையும். அந்த ஒரு வாரத்துத் தவிப்பில் அவசரமாக இல்லம் தேடி அட்வான்ஸ் கட்டிவிடும் குடும்பங்கள் உண்டு.

அடுத்து, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினார், இரவில் எத்தனை முறை எழுந்தார், எத்தனை முறை துணி நனைந்தது, குளிக்க மறுத்தாரா, கை ஓங்கினாரா, வெளியே போக முயன்றாரா, சாப்பிடும்போது புரையேறியதா. டாக்டருக்கும் ஏஜென்சிக்கும் இல்லத்துக்கும் இந்த நோட்டுதான் பேசும். "ராத்திரி ரொம்பக் கஷ்டம்" என்று வாயால் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டிய அளவுகோல்கள் இவை:

- இரவு: தூங்காதவருக்கு விழித்திருக்கும் ஆள் இருக்கிறாரா.
- கைகள்: குளிப்பாட்ட, தூக்க, திருப்ப ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா. 75 கிலோ அப்பாவை 50 கிலோ அம்மா தூக்கக் கூடாது.
- மாற்று: பார்ப்பவருக்கே காய்ச்சல் வந்தால் அடுத்த நாள் யார்.
- நீடிக்கும் பணம்: இந்த மாதச் செலவை எத்தனை ஆண்டு தாங்க முடியும். டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் 65 வயதுக்கு மேல் கண்டறியப்பட்டவர்கள் பொதுவாக 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறார்கள். அதைவிட நெடுங்காலம் வாழ்பவர்களும் உண்டு.
- கையெழுத்து: அவர் பெயரில் உள்ள பணத்தை எடுக்க வழி இருக்கிறதா.

ஆறு ஆண்டுக் கணக்கு ஒன்று. மாதம் 40,000 ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால், ஆறு ஆண்டில் மொத்தம் ஏறத்தாழ 35 லட்சம். முதல் மாதத் தொகையைப் பார்த்து "கட்டிவிடலாம்" என்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை.

## வீட்டார் பார்ப்பது

எப்போது நல்லது: ஆரம்பக் கட்டத்தில். தனக்குத் தெரிந்த வீடு, தெரிந்த குரல், பழகிய சாப்பாடு ஆகியவை தரும் நிதானத்தை எந்த மாத்திரையும் தராது. படுக்கையோடு ஆகிவிட்ட கடைசிக் கட்டத்திலும் இது மறுபடி சாத்தியமாகிறது. அலைச்சலும் கோபமும் அப்போது அடங்கியிருக்கும், தேவை உடல் பராமரிப்பு மட்டும்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

எங்கே உடையும்: நடுக் கட்டத்தில். நடக்கும் தெம்பு இருக்கிறது, புத்தி இல்லை. இரவும் பகலும் மாறிப்போகின்றன. மாலை நான்கைந்து மணிக்கு மேல் குழப்பம் கூடி, "என் வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்புவார்கள்.

தெரியாத செலவு: இதை 'இலவசம்' என்று எழுதுவதுதான் பெரிய தவறு. 25,000 ரூபாய்ச் சம்பளத்தை மருமகள் விட்டால் ஆண்டுக்கு 3 லட்சம் போகிறது. பிஎஃப், பதவி உயர்வு, மறுபடி வேலை கிடைக்கும் வாய்ப்பு தனி. இந்தத் தொகையைக் குடும்பக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லி, மற்றப் பிள்ளைகளின் பங்கை மாதாமாதம் அவர் கணக்குக்கே அனுப்பச் செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் போனில் யோசனை மட்டும் அனுப்புவது பங்கு ஆகாது.

வீட்டை மாற்றும் செலவு ஒரே முறைதான்: கழிவறையில் இருபக்கக் கைப்பிடி, வழுக்காத தரை, உயரமான கம்மோடு, இரவு முழுக்க எரியும் சிறு விளக்கு. குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவிப்பது அடிக்கடி நடப்பது. சிலிண்டர் ரெகுலேட்டரைச் சமையல் முடிந்ததும் மூடுங்கள். தெருக்கதவின் தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே வையுங்கள். பெயரும் போன் எண்ணும் பொறித்த வளையலோ டாலரோ கழுத்திலும் கையிலும் இருக்கட்டும்; சட்டைப் பையில் வைக்கும் சீட்டு நிற்காது.

### முறை வைத்துப் பார்ப்பது

மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நான்கு மாதம் என்ற நம் ஊர் ஏற்பாடு நியாயமாகத்தான் தோன்றும். மறதி நோய்க்கு இது பொருந்தாது. புது வீட்டில் கழிவறை எங்கே என்று தெரியாதவர் அடக்கிவைத்து நனைத்துவிடுவார். படுக்கை மாறினால் தூக்கம் போகும். ஒவ்வொரு மாற்றத்திலும் மருந்துச் சீட்டில் ஒன்று தவறும். முறை வைக்கத்தான் வேண்டும் என்றால் பிள்ளைகள் இடம் மாறட்டும், பெற்றவர் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

## ஆள் போடுவது

எப்போது நல்லது: வீட்டில் ஒரு பொறுப்பாளர் இருந்து, கைகள் மட்டும் போதாமல் இருக்கும்போது. பார்ப்பவர் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்போது. சிறிய ஊர்களில் இது ஒன்றுதான் வழியாகவும் இருக்கும்.

நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் போதுமா என்பதை முதலில் பிரியுங்கள். மூக்குக் குழாய் உணவு, சிறுநீர்க் குழாய், ஆழமான படுக்கைப் புண், ஊசி ஆகியவை இருந்தால் பயிற்சி பெற்ற நர்ஸ். குளியல், உணவு, டயப்பர், துணை என்றால் அட்டெண்டர் போதும். ஏஜென்சிகள் 'நர்ஸ்' என்று சொல்லி அட்டெண்டரை அனுப்பி நர்ஸ் விலை வாங்குவது உண்டு; படிப்புச் சான்றிதழைப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் '24 மணி நேர ஆள்' என்ற சொல்லில் இருக்கிறது. அது ஒரே மனிதர். அவரும் தூங்க வேண்டும். இரவில் ஒருமுறை எழுந்து கழிவறைக்குப் போய்வருபவருக்கு அந்த ஏற்பாடு போதும். இரவில் ஐந்து முறை எழுபவருக்கு, இரண்டாம் வாரம் அந்த ஆள் சொல்லாமல் போய்விடுவார், அல்லது தூக்க மாத்திரை கேட்பார். அப்படிப்பட்டவருக்கு 12 மணி நேரமாக இரண்டு ஆள் வேண்டும். நாளுக்கு 1,000 ரூபாய் என்றால் 24 மணி நேர ஆளுக்கு மாதம் 30,000. 12 மணி நேரத்துக்கு 800 என்றால் இரண்டு ஆளுக்கு 48,000. இல்லத்தையும் ஆளையும் ஒப்பிடுபவர்கள் முதல் தொகையை வைத்து ஒப்பிட்டுவிடுகிறார்கள். தூங்காதவர் உள்ள வீடு இரண்டாவதை வைத்து ஒப்பிட வேண்டும்.

தெரியாத செலவு: ஏஜென்சிப் பதிவுக் கட்டணம், ஆளின் சாப்பாடு, பொங்கல், தீபாவளி விடுப்பு, ஆள் மாறும்போது இடையில் காலியாகப் போகும் நாட்கள், உங்கள் வீட்டாளே நின்று புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தரும் நேரம். ஆளை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டால் அபராதம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொழியையும் கவனியுங்கள். வேற்று மாநில ஆட்கள் பலர் பொறுமையாகப் பார்க்கிறார்கள். ஆனால் நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற மொழிகள்தான் முதலில் நழுவும். தமிழ் மட்டும் மிஞ்சியிருப்பவரிடம் தமிழ் தெரியாத ஆள் "வாங்க, குளிக்கலாம்" என்று சொல்ல முடியாமல் கையைப் பிடித்து இழுத்தால், அங்கேதான் அடியும் கடியும் வருகின்றன.

ஆள் வருமுன் தாலிச் சங்கிலி, தங்க வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். மறதி நோயாளி தானே ஒளித்துவைத்துவிட்டு "திருடிட்டா" என்பார். நல்ல ஆளை இழப்பீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கேமரா வைத்தால் ஆளிடம் சொல்லிவிட்டு வையுங்கள், குளியலறையில் வைக்காதீர்கள். ஒரு பக்கக் குறிப்பைச் சுவரில் ஒட்டுங்கள்: மருந்து நேரம், சாப்பிடும்போதும் பிறகு அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்காரவைத்தல், படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புதல், யாருக்குப் போன் செய்வது.

## டே கேர்

காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்துவருவது. ஆரம்பக் கட்டத்துக்கும் நடுக் கட்டத்தின் முற்பகுதிக்கும், செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு இணை இல்லை: பகலில் வேலை கொடுத்தால் இரவில் தூக்கம் வருகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பின் டெம்கேர்ஸ் மையம், 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்னும் அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளை போன்ற இடங்களில் விசாரிக்கத் தொடங்கலாம். கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை நோயை உறுதி செய்யவும் மருந்தைச் சீராக்கவும் உதவும். நாட்கணக்கில் விட்டுவைக்கும் இடமாக அதை நினைக்காதீர்கள்.

இதில் செலவு வேனில் ஒளிந்திருக்கிறது. தினமும் போக்குவரத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் மையம் தந்த நிதானம் வழியிலேயே தீர்ந்துவிடும். டயப்பர் போட்டவரை ஏற்பார்களா, வெளியே ஓடுபவரை ஏற்பார்களா என்று முன்பே கேளுங்கள். மாலை நேரம், குழப்பம் கூடும் அதே நேரம், அவர் வீட்டில்தான் இருப்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## இல்லம்

எப்போது நல்லது: இரவு அலைச்சல், கை ஓங்குதல், இருவர் தூக்க வேண்டிய நிலை, பார்க்கும் துணைவரே நோயாளியாகிவிட்ட நிலை. தனியாக இருக்கும் பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் என்றால், நோய் நடுக் கட்டத்தைத் தொட்டதும் இதுதான் பாதுகாப்பு. தொலைவிலிருந்து கேமராவில் ஆளை மேய்ப்பது நெடுநாள் ஓடாது.

சாதாரண முதியோர் இல்லம் வேறு, மறதி நோய் இல்லம் வேறு. முதியோர் இல்லங்கள் பல, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவரைத்தான் ஏற்கின்றன. ஆரம்பக் கட்டத்தில் நோயை மறைத்துச் சேர்த்துவிட்டால், துணி நனையத் தொடங்கியதும் "அழைத்துப் போங்கள்" என்று போன் வரும். நோய் முற்றிய நிலையில் ஒரே வாரத்தில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். எந்த நிலை வந்தால் வெளியேற்றுவார்கள் என்ற விதியை எழுத்தில் வாங்குங்கள்.

மாலை ஆறு மணிக்கு, சொல்லாமல் போய்ப் பாருங்கள். காலைச் சுற்றிக்காட்டலில் எல்லா இல்லமும் அழகுதான். எல்லாரும் அரைத்தூக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தால் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். அலைச்சலையும் கோபத்தையும் அடக்கத் தரும் குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள் சில வேளை தேவைப்படும். ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களில் இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் இரண்டைப் போன்ற புதியவற்றுக்கு 2005-லேயே, ஹாலோபெரிடால் போன்ற பழையவற்றுக்கு 2008-இல் எச்சரித்திருக்கிறது. யார் எழுதித் தந்தது, எப்போது குறைப்பார்கள் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய மற்றவை: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், கட்டிப்போடுவார்களா, மாதாந்திர எடைப் பதிவு இருக்கிறதா (எடை குறைந்துகொண்டே போனால் ஊட்டிவிட ஆள் இல்லை என்று பொருள்), 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படியோ மாநில விதிப்படியோ பெற்ற பதிவுச் சான்று எது, அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம்.

தெரியாத செலவு: திரும்பாத சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், டயப்பர், மருந்து, பிசியோ தனி பில், மருத்துவமனையில் சேர்த்தால் உடனிருக்கும் ஆளுக்குத் தனிக் கூலி, அந்த நாட்களிலும் இல்ல வாடகை, 'பராமரிப்பு நிலை' உயர்ந்ததென்று கட்டண உயர்வு, ஜிஎஸ்டி. நாளுக்கு 4 டயப்பர், ஒன்று 40 ரூபாய் என்றால் அதுவே மாதம் 4,800. 45,000 என்று பேசிய இல்லம் 55,000-க்குப் போய் நிற்பது இப்படித்தான். கடந்த மூன்று மாத பில் மாதிரி ஒன்றை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் கட்டணப் பட்டியலை நம்ப வேண்டாம். இறந்தாலோ வெளியே அழைத்துப்போனாலோ டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நேராகச் சேர்க்காமல் இரண்டு முதல் நான்கு வாரம் தற்காலிகத் தங்கல் கேளுங்கள். பழைய போர்வை, சாமி படம், பிடித்த டம்ளர் கூடப் போகட்டும். "முதல் மாதம் பார்க்க வராதீர்கள்" என்று சொல்லும் இல்லத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். புண்ணோ எடைக் குறைவோ தென்பட வேண்டிய மாதம் அதுதான்.

## ஒரு பார்வையில்

| | வீட்டார் | ஆள் | டே கேர் | இல்லம் |
|---|---|---|---|---|
| இரவு | உங்கள் தூக்கம் | இரண்டு ஷிப்ட் என்றால் மட்டும் | உதவாது | ஷிப்ட் ஊழியர் |
| பொருந்தும் கட்டம் | ஆரம்பம், கடைசி | எல்லாம், மேற்பார்வையோடு | ஆரம்பம், நடுவின் முற்பகுதி | நடு, கடைசி |
| மறைந்த செலவு | போன சம்பளம், முதுகு வலி | விடுப்பு, ஆள் மாற்றம் | வேன் | தனி பில்கள், டெபாசிட் |
| திடீரென உடையும் இடம் | பார்ப்பவர் படுத்தால் | ஆள் வராவிட்டால் | மையம் ஏற்க மறுத்தால் | வெளியேற்றும் விதி |

## பணம் எங்கிருந்து

மருத்துவக் காப்பீடு இதற்கு வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். தனியார் பாலிசி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்திய 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் திட்டம் எல்லாமே மருத்துவமனையில் சேர்க்கும் செலவுக்கு. இடுப்பெலும்பு முறிவுக்கும் நிமோனியாவுக்கும் உதவும். ஆள் கூலிக்கும் இல்ல வாடகைக்கும் உதவாது. ஆயுஷ்மான் அட்டையை இப்போதே எடுத்துவையுங்கள், வேறு எதையும் அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

நோயாளியின் சொந்தப் பணமே முதல் வரிசை. ஓய்வூதியம், மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் 80 வயதில் 20 சதவீதம், 85-இல் 30 சதவீதம் கூடுதல். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் போட்டால், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500. தனி வீடு காலியாக இருந்தால் அதன் வாடகை. இவற்றைக் கூட்டி, மாதச் செலவிலிருந்து கழித்து, மிச்சத்தைப் பிள்ளைகள் வருமானத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வதுதான் சண்டை குறைவான வழி. பங்கு தர மறுக்கும் பிள்ளை மீது 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதில் உச்சம் மாதம் 10,000. இல்லச் செலவுக்கு அது காணாது.

வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தவர்களுக்கு, சிகிச்சைச் செலவுக்கான 1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவின் விதிகள் டிமென்ஷியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று, நரம்பியல் நிபுணரின் மருந்துச் சீட்டு இரண்டும் வேண்டும். மூத்த குடிமகனுக்கு வரம்பு 1 லட்சம். அது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் தொகைதான், 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்குக் கையில் மிஞ்சுவது 20,800. பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும். சொந்த ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்றால் அவர் கணக்கிலேயே கோருவது பொருந்தும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் அமலுக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கையெழுத்து

மேலே சொன்ன பணம் எல்லாம் நோயாளியின் பெயரில் பூட்டிக்கிடந்தால் பயனில்லை. குடும்பங்கள் நம்பியிருப்பது பவர் பத்திரம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்தம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எதற்காக எழுதினோமோ அது வந்ததும் பத்திரம் செல்லாது. ஆகவே ஆரம்பக் கட்டத்தில், என்ன செய்கிறோம் என்று அவருக்குப் புரியும் காலத்திலேயே, வங்கிக் கணக்கையும் வைப்புத் தொகையையும் இருவரில் யாரும் தனியே கையெழுத்திட்டு எடுக்கும் 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில் துணைவரோடோ நம்பும் பிள்ளையோடோ கூட்டுக் கணக்காக்குங்கள். வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே ஒருவர் மட்டும் எடுக்கலாம் என்ற ஒப்புதலையும் அப்போதே தனியாக எழுதி வாங்குங்கள்; அது இல்லாமல் வங்கி இருவர் கையெழுத்தையும் கேட்கும். எல்லாவற்றுக்கும் நாமினி. உயில் எழுதுவதென்றால், எழுதும் நாளில் சித்தத் தெளிவு பற்றி டாக்டர் சான்றும், அந்த டாக்டரே ஒரு சாட்சியாகவும் இருந்தால் பிற்பாடு வழக்கு நிற்பது கடினம்.

காலம் கடந்துவிட்டால் மிஞ்சுவது உயர் நீதிமன்றம். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று அவர் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் செலவிட மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் நியமித்தது. மறதி நோயாளியின் குடும்பமும் அந்த வழியில் மனுப் போடலாம். அதற்கு மருத்துவச் சான்று, சொத்துப் பட்டியல், வாரிசுகள் அனைவரின் சம்மதம், வக்கீல் கட்டணம், பல மாதக் காத்திருப்பு வேண்டும். அந்த மாதங்களுக்கான இல்ல வாடகையை யார் முன்பணமாகக் கட்டுவது, வீடு விற்றதும் அது எப்படித் திரும்பும் என்பதை மனுப் போடும் முன்பே பிள்ளைகள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவைக்க வேண்டும்.